வேலைமேசையும் நிலைமின்சாரமும்

டில்லிக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பத்தார் தம் முதற் குளிர்காலத்தில் ஒரு புதுமையைக் காண்கின்றனர். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கம்பளிச் சட்டையைத் தலைவழியே கழற்றும்போது பட்பட்டென்று ஓர் ஓசை எழுகிறது. இருளில் நீலநிறப் பொறிகள் சில தோன்றி மறைகின்றன. இரும்பு பீரோவின் கைப்பிடியைத் தொட்டால் விரல் நுனியில் ஊசி குத்தியது போன்ற அதிர்ச்சி உண்டாகிறது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் வாழ்ந்தவர்கள் இதனைப் பெரும்பாலும் கண்டிருக்க மாட்டார்கள். ஆகவே, வீட்டு மின்கம்பியில் எங்கோ கசிவு ஏற்பட்டுவிட்டதென அஞ்சுவோரும் உண்டு. கசிவினால் வரும் அதிர்ச்சி, தொடும்போதெல்லாம் தொடர்ந்து வரும். அதற்கு மின்பணியாளரை அழைக்கத்தான் வேண்டும். ஒருமுறை சுள்ளென்று குத்தி உடனே ஓய்ந்துவிடுவதோ நிலைமின்சாரம். மேகத்தில் இடிமின்னலாக விளங்கும் அதே ஆற்றல், நம் உடைமீதும் உடல்மீதும் சிறு அளவில் விளையாடுகிறது.

இந்த விளையாட்டு நமக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் கைப்பேசி, கணிப்பொறி, தொலைக்காட்சிப் பெட்டி முதலியவற்றைத் திறந்து பழுது பார்ப்பவரின் மேசையில் இதுவே பெருங்கேடு விளைவிக்கக் கூடியது. நம்மால் உணரவும் முடியாத அளவுள்ள ஒரு பொறி, அக்கருவிகளினுள்ளே இருக்கும் சில்லு ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாமல் அழித்துவிடும். அத்தகைய மேசையை எவ்வாறு காப்பது என்பதையே இங்கு ஆராயப் புகுகிறோம்.

தென் டில்லியில் உள்ள சரோஜினி நகரை எடுத்துக்கொள்வோம். கவியரசி சரோஜினி நாயுடுவின் பெயர் தாங்கிய இக்குடியிருப்பில் மத்திய அரசு ஊழியர்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். அவர்களுள் தமிழர்களும் பலர். இங்கே விநாயகர் கோயில் உண்டு. அடுத்துள்ள லட்சுமிபாய் நகரில் டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி உண்டு. 2016ஆம் ஆண்டில் மத்திய அரசு, டில்லியில் உள்ள ஏழு அரசுக் குடியிருப்புகளைப் புதுப்பித்துக் கட்ட முடிவு செய்தபோது சரோஜினி நகரும் அவற்றுள் ஒன்றாயிற்று. 2018இல் மெட்ரோ இரயில் நிலையமும் வந்தது. எனினும் இவ்வூரின் பெயரை நாடெங்கும் பரப்பியது இதன் ஆடைச் சந்தையே. குளிர்காலம் பிறந்தால் இங்குக் கம்பளிச் சட்டைகளும், கம்பளி போலத் தோன்றும் செயற்கை இழைச் சட்டைகளும் மலைபோலக் குவிகின்றன. நிலைமின்சாரத்தை உண்டாக்குவதில் இச்செயற்கை இழைகள் கைதேர்ந்தவை. டில்லியின் எந்தக் கடைவீதியிலும் காணப்படுவது போல, ஒரு சாண் அகல மேசையிட்டுக் கைப்பேசி பழுது பார்க்கும் இளைஞரும் அதே சட்டையைத்தான் அணிந்து அமர்ந்திருக்கிறார். ஆகையால் நம் பொருளுக்கு இவ்விடம் பொருத்தமானதே.

நிலைமின்சாரம் என்பது யாது? இரு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டுப் பிரியும்போது, ஒன்றின் மேற்பரப்பிலுள்ள எலெக்ட்ரான்களுள் சில மற்றொன்றுக்குச் சென்றுவிடுகின்றன. இழந்த பொருள் நேர் மின்னூட்டமும், பெற்ற பொருள் எதிர் மின்னூட்டமும் அடைகின்றன. உராய்வு இச்செயலை மிகுதிப்படுத்துகிறது. அம்பர் என்னும் பிசின்கல்லைத் தேய்த்தால் அது துரும்பை ஈர்க்கும் என்பதைப் பண்டைக் கிரேக்கர்கள் அறிந்திருந்தனர். 1600ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் வில்லியம் கில்பர்ட் இதனை விரிவாக ஆராய்ந்து நூல் எழுதினார். அம்பருக்குரிய கிரேக்கச் சொல்லே மேலைநாட்டு மொழிகளில் மின்சாரத்துக்கு வழங்கும் பெயருக்கு வேராயிற்று.

இவ்வாறு பிறந்த மின்னூட்டம், கடத்தியின்மீது இருந்தால் வழி கிடைத்தவுடன் ஓடிவிடும். கடத்தாப் பொருளின்மீது இருந்தால் நகராமல் தேங்கி நிற்கும். மதகு திறந்த ஏரியின் நீர் வாய்க்கால் வழியே வடிகிறது. கல் குழியில் தேங்கிய நீரோ அங்கேயே கிடக்கிறது. கம்பி, நீர், மனித உடல் ஆகியவை கடத்திகள். பாலிதீன், நைலான், தெர்மோகோல் ஆகியவை கடத்தாப் பொருள்கள். இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். மேசையைக் காக்கும் முறை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

இனி அளவைக் காண்போம். உலர்ந்த காற்றில், அதாவது ஒப்பு ஈரப்பதம் 10 முதல் 20 விழுக்காடு வரை உள்ளபோது, ஒருவர் கம்பள விரிப்பின்மீது நடந்தால் அவர் உடலில் 35,000 வோல்ட் வரை மின்னழுத்தம் ஏறலாம். வினைல் தரையில் நடந்தால் 12,000 வோல்ட் வரையும், நாற்காலியில் அமர்ந்தபடி மேசையில் வேலை செய்தாலே 6,000 வோல்ட் வரையும் ஏறலாம். ஈரப்பதம் 65 விழுக்காட்டைக் கடந்தால் இதே மூன்று அளவுகளும் முறையே 1,500, 250, 100 வோல்ட்டாகக் குறைந்துவிடுகின்றன. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டே ஆயிருக்க, பல்லாயிரம் வோல்ட் ஏறியும் நாம் பிழைத்திருப்பது எவ்வாறு என்று வினவலாம். நம் உடலில் தங்கும் மின்னூட்டத்தின் அளவு மிகச் சிறிது என்பதே விடை. குடத்தை மலையுச்சியில் வைத்தாலும் அதிலுள்ள நீர் ஒரு குடம்தானே! 3,000 வோல்ட் ஏறிய உடலில் தேங்கும் ஆற்றல், ஒரு ஜூலின் ஆயிரத்தில் ஒரு பங்கிற் பாதியைக்கூட எட்டுவதில்லை.

ஆயினும் ஒரு செய்தி கருதத்தக்கது. ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் குறைவான பொறியை மனிதர் உணர்வதில்லை. ஆகவே, "எனக்கு அதிர்ச்சி ஏதும் தோன்றவில்லை, எனவே மின்சாரம் இல்லை" என்று பழுது பார்ப்பவர் கருதுவது தவறாகும். அவர் உணராத 500 வோல்ட்டும் சில்லுக்குப் போதுமானதாக இருக்கலாம்.

டில்லியின் தட்பவெப்பம் இதற்கு எங்ஙனம் துணை செய்கிறது? சென்னை கடற்கரை நகரம். அங்குக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 60 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். ஈரக் காற்றில் எல்லாப் பொருள்களின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று படிகிறது. அப்படலம் வழியே மின்னூட்டம் மெல்ல வடிந்துவிடுகிறது. கடலினின்று வெகு தொலைவிலுள்ள டில்லியில் ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் காற்று மிகவும் உலர்ந்து போகிறது. லூ எனப்படும் அனற்காற்று வீசும் நாட்களில் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழும் இறங்கும்.

குளிர்காலத்திலோ ஒரு வியப்பு உள்ளது. சனவரி மாதக் காலையில் வெளியே மூடுபனி சூழ்ந்திருக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருப்பது கண்கூடு. அப்படியிருக்க வீட்டினுள் பொறி எழுவானேன்? குளிர்ந்த காற்று சிறிதளவு நீராவியையே தாங்க வல்லது. அச்சிறிதளவே அதனை நிறைத்துவிடுகிறது. 7 பாகை வெப்பத்தில் 90 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்று, அறையினுள் புகுந்து ஹீட்டரால் 22 பாகைக்குச் சூடேறினால், அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 34 விழுக்காடாக இறங்கிவிடும். நீர் குறையவில்லை, காற்றின் கொள்ளளவு பெருகிவிட்டது. சன்னலை மூடி, ஹீட்டரை எரியவிட்டு, செயற்கைக் கம்பளி அணிந்து வேலை செய்பவர், பனிமூட்டத்தின் நடுவிலும் ஒரு சிறு பாலைவனத்திலேயே அமர்ந்திருக்கிறார் எனலாம். மழைக்காலமாகிய சூலை முதல் செப்டம்பர் வரை இத்தொல்லை தானே அடங்கிவிடுகிறது. அதனால்தான், மழைக்காலத்தில் செம்மையாக நடந்த வேலை குளிர்காலத்தில் காரணமின்றிக் கெடுவதாகப் பலர் மயங்குகின்றனர்.

வால்வு வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்த முன்னோர்க்கு இக்கவலை இருந்ததில்லை. வெற்றிடக் கண்ணாடிக் குழாயினுள் உலோகத் தகடுகளைக் கொண்ட வால்வு, சில நூறு வோல்ட்டில் இயங்குவதற்கென்றே செய்யப்பட்டது. கைப்பொறிக்கு அஃது அசையாது. 1959, 1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அட்டல்லா, காங் என்னும் இருவர் மாஸ்பெட் என்னும் புதுவகை டிரான்சிஸ்டரை உருவாக்கினர். அதன் வாயில் எனப்படும் பகுதிக்கும் சிலிக்கனுக்கும் இடையே கண்ணாடி போன்றதொரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. 1968இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் இவ்வகை டிரான்சிஸ்டர்களைக் கொண்ட சிமாஸ் சில்லுகளை விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்று நம் கையிலுள்ள கைப்பேசியில் இவ்வகை டிரான்சிஸ்டர்கள் கோடிக்கணக்கில் உள்ளன.

அந்த ஆக்சைடு படலத்தின் தடிப்பே இங்குச் செய்தி. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் தடிப்புள்ள நல்ல ஆக்சைடு ஏறத்தாழ ஒரு வோல்ட்டைத் தாங்கும் என்று கொள்ளலாம். தொடக்கக் காலத்துச் சில்லுகளில் படலம் 100 நானோமீட்டர் அளவில் இருந்தது. எனவே 100 வோல்ட் அளவில் அது துளைபட்டது. இன்றைய சில்லுகளின் உட்புறத்தில் அது சில நானோமீட்டரே. சில்லு செய்வோர் ஒவ்வொரு காலிலும் காப்புச் சுற்று ஒன்றை வைத்து இதனைக் காக்க முயல்கின்றனர். ஆனால் அக்காப்பு ஓரளவே தாங்கும். 3,000 வோல்ட் ஏறிய விரல் சில்லின் காலைத் தொடும்போது, ஒரு கணத்துக்கும் மிகக் குறைந்த பொழுதில் ஏறத்தாழ இரண்டு ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. மயிரிழையினும் பன்மடங்கு நுண்ணிய கம்பிகளில் அது பாய்ந்தால் அவை உருகுவதில் வியப்பென்ன?

இவ்வாறு அடிபட்ட சில்லு உடனே செத்துவிட்டால் ஒரு வகையில் நன்மையே. குறை அப்போதே தெரிந்துவிடும். பல வேளைகளில் அது சாவதில்லை, காயமடைகிறது. ஆக்சைடில் நுண்துளை ஒன்று விழுகிறது. கம்பி ஒன்று பாதி உருகி நிற்கிறது. கைப்பேசி வேலை செய்கிறது. வாடிக்கையாளர் பணம் கொடுத்து வாங்கிச் செல்கிறார். சில வாரங்களுக்குப் பின் அது நின்றுவிடுகிறது. ஊரிலுள்ள பெற்றோரின் படங்களும், பிள்ளையின் மழலைக் குரலும், வங்கிக் கணக்குச் செய்திகளும் அதனோடு போய்விடக்கூடும். "போலிப் பொருளைப் போட்டு ஏமாற்றிவிட்டார்" என்று வாடிக்கையாளர் சினக்கிறார். "பொருளே மட்டம்" என்று பழுது பார்த்தவர் சாதிக்கிறார். இருவரும் நேர்மையானவர்களே, இருவருக்கும் உண்மை தெரியாது. சிறு கடைக்காரரின் முதல் அவர் கைத்திறனும் நாணயமும்தாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி அந்த முதலையே அரித்துவிடுகிறது.

இதற்கு மருந்து புதிதன்று. மயக்க மருந்தாக ஈதரும் சைக்ளோபுரோப்பேனும் வழங்கிய நாட்களில், அவற்றின் ஆவி ஒரு பொறிக்கே தீப்பற்றும் என்று மருத்துவர்கள் அஞ்சினர். எனவே அறுவை அறைகளில் மின்கடத்தும் தரையும், மின்கடத்தும் ரப்பராலான விரிப்புகளும், தனிவகைக் காலணிகளும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வழக்கில் இருந்தன. பெட்ரோல் வண்டி தன் சரக்கை இறக்குமுன் அதனை நிலத்தோடு கம்பியால் பிணைப்பதும் இதே கருத்தினால்தான். இரண்டிலும் அடிப்படை ஒன்றே: மின்னூட்டம் தேங்குமுன் அதற்கு வடிகால் அமைத்துவிட வேண்டும்.

வேலைமேசைக்குரிய வடிகால், நிலத்தொடர்புடைய விரிப்பாகும். இது பொதுவாக ரப்பராலோ வினைலாலோ செய்யப்படுவது. நல்ல விரிப்பில் இரண்டு அடுக்குகள் உண்டு. கீழடுக்கில் கரித்தூள் கலந்திருப்பதால் அது கறுப்பாகவும் மின்சாரத்தை நன்கு கடத்துவதாகவும் இருக்கும். மேலடுக்கு பச்சை, நீலம் அல்லது சாம்பல் நிறத்ததாய், மின்சாரத்தை மெல்லக் கடத்துவதாக இருக்கும். அதன் தடை 10 லட்சம் ஓமுக்கும் 100 கோடி ஓமுக்கும் இடைப்பட்டது. விரிப்பின் மூலையில் ஓர் உலோகப் பொத்தான். அதிலிருந்து ஒரு கம்பி எர்த் முனைக்குச் செல்கிறது.

மெல்லக் கடத்துவதைவிட விரைந்து கடத்துவது நல்லதன்றோ, மேசைமேல் ஓர் இரும்புத் தகட்டை விரித்தால் என்ன என்று கேட்கலாம். மின்னூட்டம் ஏறிய சில்லு ஒன்றை இரும்புத் தகட்டின்மேல் வைத்தால், அதன் மின்னூட்டம் முழுவதும் ஒரே பாய்ச்சலாய்ப் பாயும். நாம் அஞ்சிய பொறி அங்கேயே நிகழ்ந்துவிடும். மேலும், மின்கலம் இணைந்த பலகையைத் தகட்டின்மேல் வைத்தால் குறுக்குச்சுற்று உண்டாகும். தகட்டில் மின்கசிவு ஏற்பட்டால் தொடுபவருக்கு உயிராபத்தும் நேரும். அணையை உடைத்து நீரை விடுவது வேறு. மதகைச் சிறிது தூக்கி விடுவது வேறு. விரிப்பின் மேலடுக்கு மதகின் வேலையைச் செய்கிறது.

மெல்லக் கடத்தினால் நேரமாகாதா? கணக்கிட்டுப் பார்ப்போம். நம் உடலின் மின்கொள்ளளவை 100 பிக்கோ பாரட் என்று கொள்வது வழக்கம். வடிகாலின் தடை 100 கோடி ஓம் ஆனால், மின்னழுத்தம் ஒவ்வொரு பத்தில் ஒரு விநாடிக்கும் மூன்றில் ஒரு பங்கினும் சற்று மிகுதியான அளவுக்கு இறங்குகிறது. அரை விநாடியில் 3,000 வோல்ட் 20 வோல்ட்டளவுக்கு இறங்கிவிடும். தடை 10 லட்சம் ஓம் ஆயின், இவையனைத்தும் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். கையை நீட்டிப் பொருளை எடுக்கும் நேரத்துக்குள் வேலை தீர்ந்துவிடுகிறது.

விரிப்போடு மணிக்கட்டுப் பட்டையும் வேண்டும். விரிப்பு மேசையையும் அதன்மேல் உள்ளவற்றையும் காக்கிறது. மனிதரோ சட்டை உரசும்போதும், நாற்காலியில் திரும்பும்போதும் புதிது புதிதாக மின்னூட்டம் பெறுகிறார். அவருடைய கை எப்போதும் விரிப்பைத் தொட்டுக்கொண்டிராது. ஆகவே, தோலில் நேராகப் படியுமாறு பட்டையைக் கட்டி, அதன் சுருள்கம்பியை விரிப்பின் எர்த் முனையிலேயே இணைக்க வேண்டும். சட்டைக் கையின்மேல் கட்டுவதால் பயனில்லை. கம்பியே இல்லாத பட்டைகள் சில விற்கப்படுகின்றன. வாய்க்காலே இல்லாத மதகு எதற்கு உதவும்? அவற்றை நம்பலாகாது.

பட்டையின் கம்பியினுள் 10 லட்சம் ஓம், அதாவது ஒரு மெகா ஓம் தடை ஒன்று வைக்கப்பட்டிருக்கும். அஃது உயிர்க்காப்புக்காக அமைந்தது. அத்தடை இல்லையெனில், எர்த்துடன் கட்டுண்ட கையோடு ஒருவர் தற்செயலாக 230 வோல்ட் கம்பியைத் தொட்டால் மின்னோட்டம் தங்குதடையின்றி அவர் உடல் வழியே பாய்ந்து உயிரைக் குடிக்கும். தடை இருந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆம்பியரிற் கால்பங்கே பாயும். பலரால் அதனை உணரவும் முடியாது. ஆகவே, செப்புக்கம்பி ஒன்றைக் கையிற் சுற்றி எர்த்தில் செருகிக்கொள்வோர், சில்லைக் காப்பதற்காகத் தம் உயிரையே பணயம் வைக்கின்றனர். இதனை ஒருபோதும் செய்யலாகாது. பட்டை அணிந்தவாறு, மின்சாரம் பாயும் கருவியினுள் கை விடுவதும் கூடாது. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டியில் 20,000 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். மின்னிணைப்புள்ள நிலையில் அவற்றைச் சோதிக்க நேர்ந்தால் பட்டையைக் கழற்றிவிடுக.

இனி, கம்பியின் மறுமுனை எங்கே செல்ல வேண்டும்? முப்புரிச் சுவர்ச் செருகியின் மேலே உள்ள பெரிய துளையே எர்த் ஆகும். அந்த முள் மட்டும் உலோகமாகவும், மற்ற இரண்டும் வெறும் பிளாஸ்டிக்காகவும் உள்ள தனிவகைச் செருகிகள் கிடைக்கின்றன. அவற்றின் வழியே இணைப்பதே நலம். சிலர் நியூட்ரல் துளையும் எர்த்தும் ஒன்றே என எண்ணி அதில் இணைக்கின்றனர். நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுபட்டால், அதிலும் 230 வோல்ட் ஏறிவிடும். எனவே அதனைத் தொடவே கூடாது.

சுவரில் துளை இருப்பதனாலேயே அதன் பின்னே எர்த் கம்பி இருக்கிறது என்று துணிய இயலாது. பழைய கட்டடங்கள் பலவற்றில் அக்கம்பி இணைக்கப்படாமலோ துருப்பிடித்து அற்றோ இருப்பதுண்டு. கடைவீதிகளில் நீண்ட கம்பி இழுத்து இருமுள் செருகியால் மின்சாரம் எடுப்போரிடம் எர்த் என்ற பேச்சே இல்லை. மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு சோதிப்பது முதற்கடமை. பேஸ் முனைக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேற்படாமலும் காட்டினால் கம்பி இருப்பதாகக் கொள்ளலாம். அதன் தரத்தை அறிய எர்த் சோதனைக் கருவி வேண்டும். எர்த் இல்லையெனில் குழி தோண்டி, குழாயோ தகடோ இறக்கி, கரியும் உப்பும் இட்டு அமைக்கும் முறை நாடறிந்தது. இந்தியத் தரக் கழகத்தின் ஐ.எஸ். 3043 என்னும் விதிநூல் நிலத்தொடர்பு முறைகளை விளக்குகிறது. முன்னாளில் குடிநீர்க் குழாயோடு எர்த்தை இணைப்பார்கள். இன்று குழாய்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஆகிவிட்டதால் அவ்வழி பயன்படாது.

நல்ல எர்த் அமையும்வரை செய்யத்தக்கது ஒன்று உண்டு. விரிப்பு, பட்டை, பழுது பார்க்கும் கருவியின் உலோகச் சட்டம் ஆகிய மூன்றையும் ஒரே முனையில் இணைத்துவிட்டால், அவை யாவும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். மேடுபள்ளம் இல்லாத இடத்தில் நீர் பாய்வதில்லை. மின்னழுத்த வேறுபாடு இல்லாத இடத்தில் பொறியும் பாய்வதில்லை. இஃது எர்த்துக்கு ஈடாகாது. எனினும் ஒன்றுமில்லாததினும் நன்று.

சால்டரிங் அயர்னையும் மறத்தலாகாது. இருமுள் செருகியுள்ள மலிவான அயர்ன்களின் நுனியில் மின்கசிவு இருப்பதுண்டு. முனை எர்த் செய்யப்பட்ட அயர்னே சில்லு வேலைக்கு உகந்தது.

விரிப்பினால் தீராத தொல்லையும் உண்டு. கடத்தாப் பொருளின் மின்னூட்டம் விரிப்பில் வைத்தாலும் வடியாது என்பதை முன்னரே குறிப்பிட்டோம். பாலிதீன் பை, தெர்மோகோல் துண்டு, தேநீர் வந்த பிளாஸ்டிக் குவளை, ஒட்டும் நாடா ஆகியவை மேசைமேல் இருந்தால், அவை தம் அருகிலுள்ள சில்லுகளின்மேல் தூண்டுதலால் மின்னூட்டத்தை உண்டாக்கும். உலர்ந்த காற்றில் மேசையிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்தாலே 20,000 வோல்ட் வரை பிறக்கலாம். ஒட்டும் நாடாவைச் சர்ரென்று உரிப்பதும் அத்தகையதே. தேவையற்ற பிளாஸ்டிக் பொருள்களை மேசையினின்று ஓர் அடிக்கு அப்பால் அகற்றிவிடுவதே இதற்குச் செலவில்லாத மருந்து. பெரிய தொழிற்சாலைகளில், நேர் எதிர் அயனிகளைக் காற்றில் ஊதும் விசிறிகளைக் கொண்டு இதனைச் சரிசெய்கின்றனர். சில்லுகளையும் பலகைகளையும் வெள்ளிநிறம் போன்ற உலோகப் பூச்சுடைய காப்புப் பையிலேயே வைக்க வேண்டும். இளஞ்சிவப்பு நிறப் பை தான் மின்னூட்டம் உண்டாக்காதே தவிர, வெளியிலிருந்து வரும் பொறியைத் தடுக்காது.

கடைகளில் விரிப்பு வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. கைப்பேசி பழுது பார்ப்பதற்கென்று, திருகாணிகள் வைக்கச் சிறு குழிகளோடு கூடிய நீலநிறச் சிலிக்கோன் விரிப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவை சூட்டைத் தாங்கும். ஆனால் சாதாரணச் சிலிக்கோன் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. எர்த் பொத்தானும் அவற்றில் இராது. அவற்றின்மேல் வைத்த பலகையை நிலைமின்சாரத்தினின்று காத்துவிட்டோம் என்று எண்ணுவது ஓட்டைக் குடையை நம்புவது போன்றது. நிறத்தைக் கொண்டு தேறாமல், எர்த் பொத்தான் உண்டா, தடையின் அளவு குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தே வாங்குதல் வேண்டும்.

வாங்கியபின் பேணுதலும் வேண்டும். தூசியும் பற்றாசுப் பிசினும் படிந்தால் விரிப்பின் மேற்பரப்பு கடத்தாப் பொருளாகிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நீர் கலந்து, அல்லது விரிப்புக்கென விற்கும் நீர்மத்தால் துடைக்கலாம். சிலிக்கோன் கலந்த மெருகு நீர்மங்களைப் பூசலாகாது. கம்பியின் தடை ஒரு மெகா ஓம் காட்டுகிறதா என்பதைச் சாதாரண மல்ட்டிமீட்டரே சொல்லிவிடும். பட்டையைக் கட்டிக்கொண்ட நிலையில், உடல் உள்ளிட்ட மொத்தத் தடை 350 லட்சம் ஓமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலகத் தொழிற்சாலைகள் பின்பற்றும் விதி. கம்பி நாள்தோறும் வளைந்து நெளிவதால் உள்ளே அறுந்துவிடக் கூடும். ஆகவே தினமும் கடை திறக்கும்போது விளக்கேற்றுவதுபோல் இச்சோதனையையும் ஒரு வழக்கமாக்கிக்கொள்வது நன்று.

உடையும் காற்றும் துணை செய்யும். செயற்கைக் கம்பளிச் சட்டைக்கு மேல் பருத்தி மேலங்கி ஒன்றை அணிந்து பொத்தானிட்டுக் கொள்ளலாம். அறையின் ஈரப்பதத்தை 40 விழுக்காட்டுக்கு மேல் வைத்துக்கொள்ள முயலலாம். கோடையில் டில்லி வீடுகளில் ஓடும் நீர்க் கூலர் இவ்வேலையைத் தானே செய்கிறது; குளிர்காலத்தில் ஹீட்டருக்கு அருகே அகன்ற பாத்திரத்தில் நீர் வைப்பது சிறிது பயன் தரும். ஆயினும் ஈரம் துணைவனே தவிரக் காவலன் அன்று. ஈரக்காற்றிலும் 100 வோல்ட் எழும் என்பதை முன்னே கண்டோம். சென்னையில் கடை வைத்திருப்போரும் குளிரூட்டிய அறையில் அமர்ந்தால், உலர்ந்த காற்றையே பெறுகின்றனர். அவர்க்கும் விரிப்பு வேண்டும்.

டில்லியை அடுத்த நொய்டாவில் 2018இல் விரிவாக்கப்பட்ட பெரும் கைப்பேசித் தொழிற்சாலையாயினும், தமிழ்நாட்டில் திருப்பெரும்புதூர் வட்டாரத்துத் தொழிற்சாலைகளாயினும், இவ்வகைத் தொழிலில் தரை, காலணி, மேலங்கி, நாற்காலி யாவும் மின்னூட்டத்தை வடிக்கும் வகையில் அமைவது வழக்கம். 1982இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற நிலைமின் பாய்வுச் சங்கம் வகுத்த எஸ் 20.20 என்னும் விதிநூலும், பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61340 என்னும் வரிசை நூல்களும் இத்தொழிலுக்கு வழிகாட்டுகின்றன. ஆலையில் அத்துணைக் காவலோடு பிறந்த கைப்பேசி, பழுதுற்ற நாளில் வந்து சேர்வது கடைவீதியின் ஒரு சாண் மேசைக்கே. அங்கும் அதே இயற்கை விதிதான் ஆள்கிறது. பெரிய ஆலைக்கு ஒன்று, சிறு மேசைக்கு ஒன்று என்று அது பார்ப்பதில்லை.

ஆகவே, சிறு மேசைக்கு வேண்டுவன இவை: சோதித்த எர்த் ஒன்று, தடை குறித்த விரிப்பு ஒன்று, ஒரு மெகா ஓம் தடையுடன் கூடிய பட்டை ஒன்று, பிளாஸ்டிக் நீங்கிய மேசை, நாள்தோறும் ஒரு நிமிடச் சோதனை. இவற்றுக்கு ஆகும் செலவு, கெட்டுப்போன ஒரு நல்ல கைப்பேசியின் பலகைக்கு ஈடு கொடுக்கும் செலவினும் குறைவே. குளிர்காலம் தொடங்குமுன் கம்பளிச் சட்டை வாங்கச் சரோஜினி நகர்ச் சந்தைக்குச் செல்பவர், தம் மேசைக்கும் ஒரு விரிப்பு வாங்க நினைப்பாராயின், அவர் கைத்தொழில் அக்குளிர்காலம் முழுவதும் நலம்பெற நடக்கும்.